காதிழந்த பூனையும் நம் வீட்டுத் தமிழும்

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் கேட்டபோது, சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப் புகுந்திருப்பதோ ஒரு பூனையைப் பற்றி. அதுவும் உயிருள்ள பூனை அன்று. ஜப்பானியச் சித்திரக்காரர் ஒருவர் மையும் தூரிகையும் கொண்டு படைத்த இயந்திரப் பூனை. 'டோரேமான்' என்பது அதன் பெயர். பெயரைக் கேட்ட அளவிலேயே பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். பிள்ளைகளோ துள்ளி எழுவர். இவ்விரு சாராருக்கும் இடையே ஒரு வழக்கு நம் இல்லந்தோறும் நடந்து வருகிறது. அவ்வழக்கில் நான் பிள்ளைகளின் பக்கம் நின்று வாதாட வந்தவன் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

சில திங்களுக்கு முன் நண்பர்கள் பலர் ஓரிடத்தில் கூடியிருந்தோம். தீவில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தாய்மொழியில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தடுமாறுகிறார்களே என்ற பழைய கவலை அன்றும் எழுந்தது. அப்போது ஒரு பெரியவர் இப்பூனையின்மீது மூன்று குற்றங்களைச் சாட்டினார். ஒன்று, இது அயல்நாட்டுச் சரக்கு. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது. இரண்டு, சோம்பலையும் குறுக்கு வழியையும் கற்பிப்பது. மூன்று, இந்தியில் ஓயாது பேசிப் பேசி, பிள்ளைகளின் நாவிலிருந்து தமிழை வழித்தெறிவது. ஆகவே வீடுதோறும் இதனைத் தடை செய்ய வேண்டும் என்று முடித்தார். பலரும் தலையசைத்தனர். நானும் வாய் திறந்தேனில்லை. திறவாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

யார் இந்தப் பூனை?

குற்றம் சாட்டுமுன் குற்றவாளியைத் தெரிந்துகொள்வது முறையன்றோ? இக்கதையைப் படைத்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயர் கொண்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ (1933–1996). ஜப்பானில் ஷோகாக்குகான் பதிப்பகத்தார் பள்ளிச் சிறுவர்க்கென வகுப்புவாரியாக நடத்திவந்த இதழ்களில், 1970 ஜனவரி இதழ் முதல் இது வெளிவரத் தொடங்கியது. 'மங்கா' என்று அந்நாட்டார் வழங்கும் சித்திரக்கதை வகையைச் சேர்ந்தது. 1,300-க்கும் மேற்பட்ட கதைகள். அவற்றுள் தேர்ந்தவை 45 தொகுதிகளாக நூலுருப் பெற்றன. 1979 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் ஓடுகிறது. நம் நாட்டுக்கு 2005-இல் வந்து சேர்ந்தது. 2008-இல் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகமே இப்பூனையைத் தன் நாட்டுக் கலைத் தூதராக அறிவித்தது. ஒரு நாட்டின் அரசு தூதுப் பதவி தந்து போற்றிய ஒன்றைக் குப்பை என்று ஒரு சொல்லில் தள்ளுவது எளிதன்று.

கதை மிக எளியது. நோபிதா என்று ஒரு சிறுவன். தேர்வில் சுழியம் வாங்குபவன், ஓட்டத்தில் கடைசி, தொட்டதற்கெல்லாம் அழுபவன். இவன் வளர்ந்து வாங்கிவைத்த கடன், பேரனுக்குப் பேரன் காலத்திலும் தீரவில்லை. மூதாதையைத் திருத்தினால்தான் தன் வாழ்வு திருந்தும் என்று கண்ட அந்த எள்ளுப்பேரன், இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து காலப்பொறியில் ஓர் இயந்திரப் பூனையை அனுப்பிவைக்கிறான். பையனுடைய மேசையின் இழுப்பறையைத் திறந்துகொண்டு பூனை வெளிவருகிறது. அதன் வயிற்றில் ஒரு பை. அப்பைக்குள் அடங்காத பொருளே இல்லை. ஆயினும் பூனைக்குக் காது இல்லை, எலிகள் கடித்துவிட்டன. ஆகவே எலியைக் கண்டால் நடுங்கும். உலகையே மாற்றவல்ல கருவிகளைச் சுமந்து திரியும் பூனை ஓர் எலிக்கு அஞ்சி ஓடுகிறது. இதைக் கண்டும் சிரிக்காத குழந்தை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொல்காப்பியர் சான்று

இதில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்பார்க்கு, நம் இலக்கணத்திலிருந்தே விடை தருகிறேன். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார். அந்நகை பிறப்பதற்கு எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் நிலைக்களன்களாகக் காட்டினார். ஜப்பானியர் தொல்காப்பியம் படித்துவிட்டு வரையவில்லை; ஆயினும் நான்கும் அங்கே உள்ளன. நோபிதாவை எள்ளி நகைக்கும் செல்வச் சிறுவன் சுனேயோவும் முரடன் ஜியானும் எள்ளல். பிள்ளைகள் மட்டுமே நிறைந்த அத்தெரு இளமை. ஒவ்வொரு கருவியும் தன்னைக் காப்பாற்றும் என்று நோபிதா நம்பிக்கொண்டே இருப்பது பேதைமை. நேற்றுப் பட்டதை இன்று மறப்பது மடமை.

வியப்புச் சுவையாகிய மருட்கைக்கும் அவர் நான்கு களன் சொன்னார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. பூனையின் பையிலிருந்து நாளுக்கொன்றாய் வரும் காணாக் கருவிகள் புதுமை. பட்ட பொருளைப் பெரிதாக்கும் விளக்கு ஒன்று. சிறிதாக்கும் விளக்கு மற்றொன்று. ஒன்றை வேறொன்றாக்கும் கருவிகளுக்கோ கணக்கில்லை. நகையையும் மருட்கையையும் ஒரே கதையில் பிசைந்து ஊட்டிய சமையல் இது. அறிவியல் என்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு பேச வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ அறிவியலைச் சிரிக்க வைத்தார்கள்.

தமிழுக்கு இது இயலாததும் அன்று. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்தார். அது புத்தகம் படிக்கும்; வாதாடும்; குறும்பு பேசும். கதை நிகழ்வதாக அவர் குறித்த ஆண்டும் வந்து போய்விட்டது. ஜீனோவைப் பின்தொடர்ந்து ஒரு பட்டாளமே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூனை நம் வீட்டுக்குள் வந்த வழி, நம் நாய்கள் காவலுக்கு இல்லாத வழி என்பேன்.

முதற்குற்றம்: அயல்நாட்டுச் சரக்கு

பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நம்முள் அறியாதார் யார்? ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்ததையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நாம். அக்கதையை எழுதிய வீரமாமுனிவர் (1680–1747) இத்தாலியில் பிறந்தவர். தமிழில் சிரித்ததால் அது தமிழாயிற்று. பிறந்த ஊரை எவரும் கேட்கவில்லை.

என் கதையையும் சொல்கிறேன். நான் பள்ளியில் படித்தபோது என் உயிர் சிவகாசியில் இருந்தது. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், இவற்றின் பழைய பிரதிகள் பரமக்குடிப் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும். மாயாவி இங்கிலாந்துக்காரன், பேசியது தூய தமிழ். 'விபரீதம்', 'எச்சரிக்கை', 'சதிகாரர்கள்' ஆகிய சொற்களை நான் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. அவன் வாயிலிருந்துதான் கற்றேன். ஒருநாள் என் தந்தையார் என் சேமிப்பு முழுவதையும் அடுப்பில் இட்டார். படிப்புக் கெடும் என்று அஞ்சினார். பின்னாளில் நான் இளங்கலைப் பட்டம் பெற்று, மைய அரசின் தேர்வெழுதி, எழுத்தராக இத்தீவுக்கு வந்து சேர்ந்தேன். கோப்பில் பிழையறக் குறிப்பெழுதுகிறேன் என்று மேலதிகாரிகள் சொல்வதுண்டு. வேகமாகப் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அந்த அடுப்பில் எரிந்த தாள்களிலிருந்து வந்தது.

போக்குவரவு இருபக்கமும் உண்டு என்பதையும் மறவற்க. 1983-இல் 'டிங்கிள்' இதழில் தோன்றி இன்றளவும் வடநாட்டுக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் சுப்பாண்டி, நம் ஊர்க் கதைகளிலிருந்து புறப்பட்டவன். அவனுடைய தொடக்கக் கதைகளை அனுப்பியவர் திருச்சி வாசகர் ஒருவர். நம் சுப்பாண்டி அவர்கள் வீட்டுக்குப் போகலாம். ஜப்பானியப் பூனை நம் வீட்டுக்கு வரலாகாதா?

இரண்டாங்குற்றம்: சோம்பல்

இக்குற்றத்தைச் சாட்டியவர் ஒரு கதையையேனும் முடிவுவரை பார்த்திருக்க மாட்டார். மனப்பாட ரொட்டி என்று ஒரு கருவி. பாடநூலின் பக்கத்தில் ரொட்டியை ஒற்றித் தின்றால் பாடம் அப்படியே மனத்தில் பதிந்துவிடும். நோபிதா பக்கம் பக்கமாகத் தின்கிறான். வயிறு தாங்குமா? கழிந்துவிடுகிறது, தின்ற பாடமும் கூடவே கழிந்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து தின்ன வேண்டும்! குறுக்கு வழியில் கற்றது தங்காது என்பதை இதனினும் அழுத்தமாக எந்த நீதிநூல் சொன்னது? பெரும்பாலான கதைகளின் முடிவு இத்தகையதே. கருவி நல்லது; பேராசை கெடுத்தது. முனிவரிடம் வரம் பெற்று அதனால் அழிந்தவர்களின் கதைகளைப் புராணங்களில் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காதிருப்பது வியப்பு.

மூன்றாங்குற்றம்: மொழி

இதுதான் உண்மையான வழக்கு. முன்னிரண்டும் பேச்சுக்குச் சொல்லப்பட்டவை. இது நெஞ்சிலிருந்து வந்தது. ஆகவே மதித்து விடை சொல்ல வேண்டும்.

2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 3,80,000 மக்கள். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்கமொழியார் நூற்றுக்கு இருபத்தெட்டு பேர். தெலுங்கர் பதின்மூன்று பேர். இத்தனை மொழியாரும் ஒருவரோடொருவர் பேசக் கைதிக் குடியிருப்புக் காலந்தொட்டு இங்கு வழங்குவது இந்துஸ்தானி. 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேயரில், அபர்தீன் கடைத்தெருவில் காய் வாங்கும் தமிழரும் தமிழரும்கூட இந்தியில் விலை பேசுவதை நாம் காணாததா? அது தெருவின் மொழி. நம் பிள்ளைகளின் நட்பின் மொழி. அதனைப் பகையாக்க எனக்கு எண்ணமில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபின், பூனை ஒவ்வொரு கைப்பேசியிலும் குடியேறிவிட்டது. இனித் தடை என்பது கடலுக்குப் போடும் வேலி.

தடை செய்து பார்த்தவர்களும் உண்டு. 2013-இல் வங்காளதேச அரசு, இந்தியில் பேசும் டோரேமானை ஒளிபரப்பத் தடை விதித்தது. பிள்ளைகள் வங்கமொழியை விட்டு இந்தி பேசுகிறார்கள் என்பதே அவர்களுடைய கவலையும். மொழிக்காக 1952-இல் உயிர் கொடுத்த மண் அது. அக்கவலையை எள்ளுவதற்கு எனக்குத் தகுதியில்லை. 2016-இல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டமன்றத்திலும் தடை கோரித் தீர்மானம் கொடுத்தார்கள். ஆனால் வங்காளதேசத்தார் தடையோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னர் அப்பூனை அங்கே வங்கமொழியில் பேசியது. தடை போட்ட கை தண்டித்தது. மொழி மாற்றிய கை வென்றது.

இப்போது, அன்று நான் வாய் திறவாத காரணத்தைச் சொல்கிறேன். அக்கூட்டத்துக்கு முன்பே என் வீட்டில் நான் தடை போட்டிருந்தேன். பையன் அளவுக்குமேல் டோரேமான் பார்த்தால் பெட்டியை அணைத்துவிட்டுப் பத்துக் குறள் எழுதச் சொல்வேன். தமிழுக்குத் தொண்டு செய்வதாக நினைத்துக்கொண்டேன். ஒருநாள் வாசலில் தோழனிடம் அவன் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "ரொம்ப நேரம் டிவி பார்த்தால் எனக்குத் தமிழ் கிடைக்கும்." மற்றப் பையனுக்கு அவன் வீட்டில் அடி கிடைக்குமாம், என் மகனுக்குத் தமிழ் கிடைக்கிறது! உலகம் போற்றும் குறளை என் கையாலேயே பிரம்பாக்கிவிட்டேன். அந்த வெட்கம் அன்று என் வாயைக் கட்டியது.

பின்பு ஊரிலிருந்து என் தாயார் கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தார். அவருக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. பையன் பெட்டிமுன் தனியே சிரித்துக்கொண்டிருக்க, இவர் அருகில் போய் அமர்ந்தார்.

"ஏன்டா, இந்தப் பூனைக்குக் காதெங்கடா?"

"எலி கடிச்சிருச்சு அப்பத்தா."

"பூனக் காத எலி கடிக்குமா? இதென்னடா கூத்து!"

"இது பவிஷ்யத்துலேருந்து வந்த பூனை அப்பத்தா."

"பவிசா? காதில்லாத பூனைக்குப் பவிசு ஒரு கேடா!"

இருவரும் ஒருவர் சொல் ஒருவருக்கு விளங்காமல் சிரித்த சிரிப்பு அடுக்களைவரை கேட்டது. இந்திக்காரன் சொல்லும் 'பவிஷ்யம்' வரப்போகும் காலம் என்று விளக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் பேசிய தமிழ், அதற்கு முந்திய பத்து நாளில் பேசியதைவிட மிகுதி. அன்று முதல் அவனே மொழிபெயர்ப்பாளன் ஆனான். தலையில் செருகிப் பறக்கும் மூங்கில் விசிறிக்கு அப்பத்தா 'தலைத்தும்பி' என்று பெயர் வைத்தார். திறந்தால் நினைத்த ஊருக்குப் போகும் கதவுக்குப் பையன் 'எங்கும் கதவு' என்றான். "அது நம்ம வீட்டுக்கு ஒண்ணு வேணும்டா, கப்பல்ல வாந்தி எடுக்காம வந்துருவேன்" என்றார் அப்பத்தா. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்க் கடலுக்கு இப்பால் வாழும் நமக்கன்றி வேறு யாருக்கு அக்கதவின் அருமை தெரியும்?

ஒரு மாலை அவன் சொன்ன கதையை மட்டும் இங்கே குறிக்கிறேன். நோபிதா, இறந்துபோன தன் பாட்டி தைத்துக் கொடுத்த பழைய கரடிப் பொம்மையைக் கண்டெடுக்கிறான். காலப்பொறியேறி அவளைப் பார்க்கப் போகிறான். வளர்ந்து நிற்கும் இவனே தன் பேரன் என்பதைப் பாட்டி ஐயமின்றி நம்புகிறாள். பள்ளிப் பையைச் சுமந்த கோலத்தில் அவனைப் பார்க்க ஆசைப்படுகிறாள். 1970-இல் ஜப்பானியர் ஒருவர் வரைந்த அக்கதையை, 'மறுபடியும்' என்ற சொல்லுக்குத் திணறித் திணறி, என் மகன் தமிழில் சொல்லி முடித்தான். என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னயப் பாக்கவும் அப்பிடி வருவியாடா?" என்று கேட்டார். "வருவேன் அப்பத்தா" என்றான். நான் கற்பித்த பத்துக் குறளுக்கும் அவன் இவ்வாறு விடை சொன்னதில்லை.

செய்யத்தக்கவை

பெரியோர்களே, பிள்ளைகளைத் தமிழில் ஒப்புவிக்க வைத்தோம், மேடையேற்றினோம், பரிசு கொடுத்தோம். தமிழில் சிரிக்க மட்டும் வைக்கவில்லை. சிரிக்காத மொழியைக் குழந்தை வணங்கும், வாழ்நாளெல்லாம் வணங்கும், பேசாது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய ஈழத்துத் தமிழ்க் குடும்பமாயினும், டெலானிப்பூரில் குடியிருக்கும் இராமநாதபுரத்துக் குடும்பமாயினும், இதில் வேறுபாடு இல்லை.

ஆகவே சில வேண்டுகோள். நம் நூலகத்தில் ஓர் அலமாரியையேனும் தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு ஒதுக்குங்கள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புகையில் அப்பளக்கட்டோடும் மிளகாய்த்தூளோடும் சிவகாசிப் புத்தகங்கள் பத்தையும் பெட்டியில் வையுங்கள். ஆண்டு விழாவில் ஒப்புவித்தல் போட்டிக்குப் பக்கத்தில், தான் பார்த்த கதையைத் தமிழில் சொல்லும் அரங்கு ஒன்று நடத்துங்கள், நடுவர் வேண்டாம், பாட்டிமார் முன்வரிசையில் அமர்ந்தால் போதும். பூனையின் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டும் போட்டி வையுங்கள். பிள்ளைகள் எப்படிச் சொல்லாக்குகிறார்கள் என்று பார்த்துப் புலவர்களும் நாணுவர். நிகழ்ச்சிக்குத் தமிழ் ஒலி உண்டெனில் அதனை வைத்துப் பாருங்கள், இல்லையெனில் பக்கத்தில் அமர்ந்து "அது என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். அக்கேள்விக்குச் செலவில்லை. என் தாயார் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். அவருக்கு அது இயன்றது.

அவர் ஊர் திரும்பிவிட்டார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேரன் அவருக்கு ஒரு கதை சொல்கிறான். சென்ற வாரம் சொல் ஒன்று கிடைக்காமல் என்னைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே பேசாதிருந்தேன். தானே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னான். மறுமுனையில் அப்பத்தா சிரிப்பது எனக்கும் கேட்டது.